கணக்கில் பொய் நுழையும் இடங்கள்: கண்டுபிடிக்கவும் மறுக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு முந்திரி ஆலையில் கணக்கு எழுதத்தான் நான் முதன்முதலில் வேலைக்குப் போனேன். எங்கள் ஊரில் அதை அண்டியாபீஸ் என்போம். சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு மாதக் கடைசியில், முதலாளி என் மேசைப் பக்கம் வந்து நின்றார். "மக்கா, பேங்க்ல ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கேக்கான். இருக்குற மூட்டையோட நானூறு கூட்டிப் போடு. கப்பல் சரக்கு ரெண்டு மாசத்தில வந்துரும்லா, அப்ப சரியாயிடும்" என்றார்.

கூட்டிப் போட்டேன். இரண்டு மாதத்தில் சரக்கு வந்தது, ஆனால் அது பழைய கடனுக்கே போய்விட்டது. நானூறைக் கழிக்க வழியில்லை. கழித்தால் வங்கி கேட்கும். அதனால் நானூறு ஐந்நூற்றைம்பது ஆனது, அப்புறம் எழுநூறு. ஒன்றரை வருடம் கழித்து வங்கியிலிருந்து நேரில் பார்க்க வந்தார்கள். குடோனில் முன்னால் இரண்டு வரிசை கொட்டை. பின்வரிசை முழுக்க வெறும் தோடு, அதாவது முந்திரி ஓடு, அடைத்த மூட்டைகள். ஆலை மூடியது. தோடு உடைத்துக் கொண்டிருந்த பெண்களுக்கு அந்த வருடத்துப் போனசும் பல வாரக் கூலியும் கிடைக்கவில்லை. அவர்களில் பாதிப் பேர் எனக்கு அத்தை, சித்தி முறை வருகிறவர்கள். எல்லோரும் முதலாளியைத்தான் பழித்தார்கள், என்னை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த எண்ணை எழுதியது என் கை என்பது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேலாகக் கணக்கு வேலைதான். ரப்பர், கயிறு, மீன், நகை, பைனான்ஸ் என்று இந்த மாவட்டத்தில் பணம் ஓடும் எல்லாத் தொழிலின் பேரேட்டையும் புரட்டியிருக்கிறேன். பி.காம். முடித்துவிட்டு திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் கணக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சொந்தத் தொழில் நடத்துகிறவர்களுக்கும், சேமிப்பை யாரிடமாவது நம்பிக் கொடுக்கப் போகிறவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

தொடங்கும் முன் ஒரு வேறுபாடு

ஒரு பில்லை இரண்டு முறை ஏற்றிவிடுவது பிழை. தெரிந்தே, ஒருவரை நம்பவைத்து லாபம் பார்ப்பதற்காக ஏற்றினால் அது மோசடி. பிழை இரண்டு பக்கமும் விழும். சில நேரம் லாபம் கூடும், சில நேரம் குறையும். ஒரு நிறுவனத்தின் பிழைகள் எல்லாம் ஒரே பக்கமாக, முதலாளிக்குச் சாதகமாகவே விழுந்துகொண்டிருந்தால் அங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

டொனால்டு கிரெஸ்ஸி என்ற அமெரிக்கக் குற்றவியல் அறிஞர், பணத்தைக் கையாடிச் சிறைக்குப் போனவர்களோடு பேசி ஆராய்ந்தவர். அந்த ஆய்விலிருந்து வளர்ந்த கருத்து இன்றைக்கும் தணிக்கைப் பாடத்தில் இருக்கிறது. வெளியே சொல்ல முடியாத ஒரு நெருக்கடி, செய்வதற்கு ஒரு வாய்ப்பு, தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஒரு சமாதானம் என்று மூன்றும் சேரும்போது மோசடி நடக்கிறது என்பது அது. நெருக்கடியையும் வாய்ப்பையும் முழுதாக ஒழிக்க முடியாது. சமாதானத்தைக் காதால் கேட்கும்போதே அடையாளம் காணலாம். "ரெண்டு மாசத்தில சரியாயிடும்" என்பதுதான் நான் அதிகம் கேட்ட சமாதானம். "எல்லாரும் செய்றதுதான்" இரண்டாவது.

படி 1: வாசல்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

பொய் நுழையும் வாசல்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆயிரம் கோடி நிறுவனமானாலும் குலசேகரத்து ரப்பர் ஷீட் கடையானாலும் அதே வாசல்கள்தான்.

முதல் வாசல் விற்பனை. நடக்காத விற்பனைக்குப் பில் போடுவது ஒரு வகை. ஏப்ரலில் நடக்கப்போவதை மார்ச் 31-லேயே எழுதுவது இன்னொரு வகை. இரண்டாவது வகையைப் பிடிக்க ஏப்ரல், மே மாதத்து கிரெடிட் நோட்டுகளை, அதாவது திரும்பி வந்த சரக்குக்குப் பில் தொகையைக் கழித்து எழுதும் சீட்டுகளைப் பாருங்கள். மார்ச் கடைசி வாரத்தில் போன பில்லுக்கு ஏப்ரல் 10-க்குள் சரக்கு திரும்பி வந்திருந்தால், அது விற்பனையே இல்லை. லாரி ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கிறது, அல்லது அசையவே இல்லை.

இரண்டாவது, செலவைச் சொத்தாக மாற்றுவது. அமெரிக்காவின் வேர்ல்டுகாம் தொலைபேசி நிறுவனம் செய்தது இதைத்தான். பிற நிறுவனங்களின் கம்பிவழியைப் பயன்படுத்தியதற்குக் கொடுத்த கட்டணம் அந்தந்த மாதச் செலவு. அதைக் கட்டடம், இயந்திரம் போல நீண்டகாலச் சொத்து என்று எழுதினார்கள். செலவு குறைந்தது, லாபம் கூடியது. நம் ஊர் அளவில் சொன்னால், தோட்டத்தில் மரத்துக்கு மருந்தடித்த கூலியை நிலத்தின் விலையோடு சேர்த்து எழுதுவது போல. 2002 ஜூனில் வெளியே வந்தபோது 380 கோடி டாலர் என்றார்கள். தோண்டத் தோண்ட அது 1,100 கோடி டாலரானது.

மூன்றாவது சரக்கிருப்பு. எங்கள் மாவட்டத்தில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கேஷ் கிரெடிட் கடன் வாங்கியவர்கள் மாதாமாதம் வங்கிக்குச் சரக்கு விவரம் கொடுக்க வேண்டும். அதில் வங்கி ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு மீதிக்குத்தான் பணம் எடுக்க விடும். நூற்றுக்கு 25 கழிக்கிறது என்று வையுங்கள். இல்லாத 40 லட்ச ரூபாய்ச் சரக்கை எழுதினால் 30 லட்சம் கூடுதலாக எடுக்கலாம். கூடவே, வருடக் கடைசியில் இருப்பைக் கூட்டிக் காட்டினால் விற்ற சரக்கின் அடக்கவிலை குறைந்து லாபமும் தானாக ஏறும். ஒரே பொய்யில் இரண்டு பலன். இது இவ்வளவு பரவியிருப்பதற்குக் காரணம் அதுதான். ஆனால் இந்த வருடக் கடைசி இருப்பு அடுத்த வருடத் தொடக்க இருப்பு. அடுத்த வருடம் அதே லாபம் காட்ட அதைவிடப் பெரிய பொய் வேண்டும். நானூறு எழுநூறானது இப்படித்தான்.

நான்காவது, கொடுக்க வேண்டிய கடனை மறைப்பது. வந்த பில்லை டிராயரில் போட்டுவைத்தால் போதும், வேறு சாமர்த்தியம் வேண்டாம்.

ஐந்தாவது, சொந்தக்காரர்களின் நிறுவனங்களுக்குள் சுற்றவிடுவது. அண்ணன் பெயரில் ஒன்று, மைத்துனர் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று. ஒரே ரப்பர் ஷீட் மூன்று பில்லில் பயணம் செய்யும். கணக்கில் விற்பனை மூன்று மடங்கு.

படி 2: எழுதியவரின் கை எட்டாத சாட்சியைத் தேடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால், இந்தப் படியை வையுங்கள். பேரேட்டை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பேரேடு பேரேட்டோடு ஒத்துப்போகும். எழுதியவர் அப்படித்தான் எழுதியிருப்பார். அவர் கை எட்டாத இடத்தில் உள்ள ஒரு தாளோடும் பொருளோடும் ஆளோடும் ஒப்பிட்டால்தான் பொய் வெளியே வரும்.

சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் விவகாரத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் 5,361 கோடி ரூபாய் ரொக்கமும் வங்கி இருப்பும் காட்டியிருந்தார்கள், அதில் 5,040 கோடி இல்லை என்றார். வராத வட்டி 376 கோடி, காட்டாத கடன் 1,230 கோடி, ஊதிக் காட்டிய வரவேண்டிய பாக்கி 490 கோடி. 2008 செப்டம்பரில் முடிந்த காலாண்டில் 649 கோடி செயல்பாட்டு லாபம் என்று அறிவித்திருந்தார்கள். உண்மையில் அது 61 கோடி.

வங்கியில் இல்லாத பணத்தை எப்படி இருப்பதாகக் காட்ட முடியும் என்று அன்றைக்குப் பலரும் கேட்டார்கள். வங்கியிடம் நேரடியாகக் கேட்டு, பதிலை நேரடியாக வாங்கியிருந்தால் முடிந்திருக்காது. வங்கி இருப்பை உறுதிசெய்யும் கடிதங்கள் நிறுவனத்தின் கை வழியாகவே போய் வந்தன. அந்த நடைமுறையைத் தணிக்கையாளர்கள் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளவில்லை என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் பின்னால் குற்றம் சாட்டியது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட போலி இன்வாய்ஸ்கள் போட்டிருந்தார்கள். இதைத்தான் கை எட்டாத சாட்சி என்கிறேன். சாட்சி வரும் வழியிலேயே கை வைத்துவிட்டால் அது சாட்சி ஆகாது.

பதினொரு வருடம் கழித்து ஜெர்மனியில் இதே கதை. 2020 ஜூனில் வயர்கார்டு என்ற மின்னணுப் பணப்பரிமாற்ற நிறுவனம், பிலிப்பைன்ஸ் வங்கிகளில் இருப்பதாகச் சொன்ன 190 கோடி யூரோ இல்லாமலிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று ஒப்புக்கொண்டது. அந்த வங்கிகளோ, இவர்கள் எங்கள் வாடிக்கையாளரே அல்ல என்றன.

சரி, நாகர்கோவிலில் ஒரு சிறிய அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு என்னென்ன சாட்சிகள் கிடைக்கும்?

வங்கி இருப்புக்கு, கணக்காளர் அச்செடுத்துத் தரும் ஸ்டேட்மென்ட் போதாது. நெட் பேங்கிங்கை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், அல்லது கிளையிலிருந்து நேராக உங்கள் மின்னஞ்சலுக்கு வரச் சொல்லுங்கள். நிரந்தர வைப்பு இருக்கிறது என்றால் வட்டி வந்திருக்க வேண்டும். வட்டிக்கு வங்கி டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி, பிடித்திருந்தால் அது வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தில் இருக்கும். கணக்கில் உள்ள வட்டியும் படிவத்தில் உள்ள வட்டியும் சேரவில்லை என்றால் வைப்பையே சந்தேகப்படலாம்.

கொள்முதல் பில்லுக்கு ஜிஎஸ்டி எண் இருக்கிறது. பதினைந்து எழுத்து, முதல் இரண்டு மாநிலக் குறியீடு. தமிழ்நாடு 33, கேரளா 32. எல்லையில் வாழ்கிற நமக்கு இரண்டுமே தினமும் கண்ணில் படும். களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் கடை என்று பில்லில் முகவரி இருந்து, எண் 32-இல் தொடங்கினால் கேளுங்கள். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் வணிகப் பெயர், பதிவு உயிரோடு இருக்கிறதா, ரிட்டர்ன் தாக்கல் செய்கிறார்களா என்பதெல்லாம் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் வேண்டும், அதில் வண்டி எண் இருக்கும். பத்து டன் ரப்பர் ஏற்றியதாக எழுதிய வண்டி எண், விசாரித்தால் ஸ்கூட்டருடையதாக இருப்பதுண்டு.

சரக்குக்கு இயற்கையே சாட்சி. முந்திரியில் 80 கிலோ மூட்டை உடைத்தால் இருபது, இருபத்திரண்டு கிலோ பருப்பு வரும். ஆயிரம் மூட்டை வறுத்து உடைத்ததாக ஏட்டில் இருந்தால் ஏறத்தாழ இருபதிலிருந்து இருபத்திரண்டு டன் பருப்பு இருக்க வேண்டும். பதினான்கு டன்தான் எழுதியிருக்கிறது என்றால் மீதி ரெண்டாம் நம்பரில் விற்றுப்போயிருக்கலாம். இருபத்தேழு டன் எழுதியிருக்கிறது என்றால் ஏதோ கொள்முதல் மறைந்திருக்கிறது, அல்லது பருப்பே கற்பனை. ஒவ்வொரு தொழிலிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. ரப்பரில் ஷீட்டுக்கு எவ்வளவு, ஒட்டுப்பால் எவ்வளவு வரும் என்பதைப் பால்வெட்டுகிறவர் சொல்வார். மீன் பதப்படுத்தும் இடத்தில் ஐஸ் பில்லும் மின்சார பில்லும் சொல்லும். உற்பத்தி இரட்டிப்பானதாகக் காட்டும் மாதத்தில் மின்கட்டணம் அசையாமல் நின்றால், மின்சார வாரியத்தின் மீட்டரை நான் நம்புவேன்.

ஆள் கணக்குக்கு பி.எஃப். இது எனக்கு மனசுக்கு நெருக்கமான இடம். கூலியில் பி.எஃப். பிடித்துவிட்டு அதைக் கட்டாமல் தொழிலில் சுழற்றுவதைப் பலர் மோசடி என்றே நினைப்பதில்லை, தற்காலிகக் கைமாற்று என்கிறார்கள். பிடித்த பணம் தொழிலாளியுடையது. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் முதலாளி அதைக் கட்டியிருக்க வேண்டும். கட்டாவிட்டால் சட்டம் அதை நம்பிக்கை மோசடி என்றே பார்க்கிறது. யுஏஎன் என்ற தன் பி.எஃப். எண்ணை வைத்து ஒவ்வொருவரும் பாஸ்புக்கை அலைபேசியிலேயே பார்க்கலாம். வீட்டில் அண்டியாபீசுக்குப் போகும் அம்மாவோ அக்காவோ இருந்தால் இன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து அதைத் திறந்து காட்டுங்கள்.

படி 3: லாபத்தோடு பணமும் வந்ததா பாருங்கள்

ரப்பர் ஷீட் கடைக்காரர் ஒருவர் வருடத்துக்கு 20 லட்சம் லாபம் காட்டுகிறார். வங்கியில் பணம் ஏறவில்லை, கடன் அடையவில்லை, புதிதாக எதுவும் வாங்கவில்லை. அப்படியானால் 20 லட்சம் எங்கே? ஒன்று, சரக்காக நிற்கிறது. அல்லது, வாங்கியவர்களிடம் பாக்கியாக நிற்கிறது. ஒரு வருடம் அப்படி இருக்கலாம். மூன்று வருடம் தொடர்ந்து லாபம் ஏற, பணம் வராமல், பாக்கியும் சரக்கும் மட்டும் வீங்கினால் அந்த லாபத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

பெரிய நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் பணப்போக்கு அறிக்கை என்று தனியாக ஒரு பக்கம் இருக்கும். பங்கு வாங்குகிறவர்கள் அதைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்தப் பக்கத்தில் முதல் பகுதியின் கடைசி வரி, தொழிலிலிருந்து வந்த பணம். அதை நிகர லாபத்துக்குப் பக்கத்தில் ஐந்து வருடத்துக்கு எழுதிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. ஒரு எச்சரிக்கை: சத்யம் போல வங்கி இருப்பையே பொய்யாக எழுதினால் இந்தச் சோதனையும் ஏமாறும். அதனால்தான் இரண்டாம் படியை முன்னால் வைத்தேன்.

படி 4: ஆடிட்டர் கையெழுத்தைப் படியுங்கள், எண்ணாதீர்கள்

கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். அறிக்கையில் "இதைத் தவிர" என்ற பொருளில் ஏதாவது வாசகம் இருக்கிறதா என்று தேடுங்கள். வருட நடுவில் ஆடிட்டர் விலகியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

கையெழுத்தே போலியாக இருக்கலாம் என்பதால் பட்டயக் கணக்காளர் கழகம் 2019-இல் படிப்படியாக யுடிஐஎன் என்ற 18 இலக்க எண்ணைக் கட்டாயமாக்கியது. ஆடிட்டர் கையெழுத்திட்ட சான்றிதழிலும் அறிக்கையிலும் அது இருக்க வேண்டும். கழகத்தின் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். கடனுக்கு வந்த ஐந்தொகையை (பேலன்ஸ் ஷீட்) வைத்துக்கொண்டு முடிவெடுக்கும் கூட்டுறவுச் சங்கத்தாரும் வங்கிக்காரர்களும் இதைச் செய்யாமல் ஒரு ரூபாய் கூடக் கொடுக்கக் கூடாது என்பேன்.

நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அடிப்படை விவரம் இலவசம். தாக்கல் செய்த ஐந்தொகையைச் சிறு கட்டணம் கட்டிப் பார்க்கலாம். வங்கிக்குக் கொடுத்த ஐந்தொகையும் அங்கே இருப்பதும் ஒன்றா என்பதே ஒரு நல்ல சோதனை.

இன்னொன்று: 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனியாகப் பதிவான நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்ற தடம் அழியாமல் பதிவாக வேண்டும். டேலியில் பழைய தேதியில் போய் ஒரு வவுச்சரைத் தட்டிவிட்டு வரும் காலம் சட்டப்படி முடிந்துவிட்டது. அந்தத் தடத்தை அணைத்து வைக்கச் சொன்னால், சொன்னவர் எதற்குத் தயாராகிறார் என்று யோசியுங்கள்.

படி 5: "கூட்டிப் போடு" என்று சொன்னால்

வேலைக்குப் போகும் பிள்ளைகளே, இந்தப் படிக்காகத்தான் மேலே உள்ள எல்லாவற்றையும் எழுதினேன்.

வேர்ல்டுகாமில் பெட்டி வின்சன் என்று நடுத்தர நிலையில் ஒரு கணக்காளர் இருந்தார். 2000-ஆம் ஆண்டின் இரண்டாம் பாதியில், காலாண்டுக் கணக்கு முடிக்கும் நேரத்தில், 82.8 கோடி டாலர் செலவைக் குறைத்துக் காட்டும் பதிவைப் போடச் சொன்னார்கள். அவருக்குத் தப்பு என்று தெரிந்தது. ராஜினாமாக் கடிதம்கூட எழுதிப் பார்த்தார். இந்த ஒரு முறைதான் என்று நிதித் தலைவர் சமாதானம் சொன்னார். அவர் வேலையில் நீடித்தார். அடுத்த காலாண்டிலும் பதிவு போட்டார், அதற்கடுத்தும் போட்டார். 2005-இல் நீதிமன்றம் அவருக்கு ஐந்து மாதச் சிறையும் ஐந்து மாத வீட்டுக்காவலும் விதித்தது.  அந்தப் பெண்ணின் கதையை முதலில் படித்த அன்று எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

அதே நிறுவனத்தில் உள்தணிக்கைத் தலைவராக இருந்தவர் சிந்தியா கூப்பர். அவரும் அவர் குழுவினரும் மேலிடத்துக்குத் தெரியாமல் ராத்திரிகளில் உட்கார்ந்து பதிவுகளைத் தோண்டி எடுத்து, இயக்குநர்களில் சிலர் அடங்கிய தணிக்கைக் குழுவிடம் கொண்டுபோனார்கள். மோசடி வெளிவந்தது அவர்களால்தான்.

நம் சட்டத்தில் எழுத்தருக்கு விலக்கு இல்லை. பொய்க்கணக்கு எழுதுவதைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 344-ஆம் பிரிவு, எழுத்தர், அலுவலர், பணியாள் என்று பெயர் சொல்லியே தொடங்குகிறது. ஏழு வருடம் வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தில் இது 477ஏ. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 447-ஆம் பிரிவின்படி பெரிய மோசடிக்கு ஆறு மாதம் முதல் பத்து வருடம் வரை சிறை. அபராதம் மோசடித் தொகைக்குக் குறையாமல், அதன் மூன்று மடங்கு வரை போகலாம். பொதுநலன் பாதித்தால் குறைந்தது மூன்று வருடம். முதலாளி சொன்னார் என்பது நீதிமன்றத்தில் கேடயம் ஆகாது.

என்ன செய்யலாம்? முதலில் அந்த நிமிடத்தில் கோபப்படாமல், குற்றம் சாட்டாமல், "சார், இதுக்கு ஆதாரத் தாள் குடுத்தா போட்டுடறேன்" என்று சொல்லுங்கள். பாதி விஷயம் அங்கேயே நின்றுவிடும். கேட்டவருக்கும் பின்வாங்க ஒரு வழி கிடைக்கிறது. திரும்பக் கேட்டால், எழுத்தில் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் நீங்களே ஒரு சின்ன மின்னஞ்சல் அனுப்புங்கள்: இன்ன தேதியில் இன்ன பதிவு போடச் சொன்னீர்கள், ஆதாரம் கிடைத்ததும் போடுகிறேன். இரண்டு வரி போதும். நடந்ததை நாள், நேரத்தோடு உங்கள் சொந்த நோட்டில் எழுதிவையுங்கள். அலுவலகத்தின் அசல் தாள்களை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அது உங்கள் மேலேயே வழக்காகத் திரும்பும்.

உங்கள் கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள். திருத்தத் தடத்தில் உங்கள் பெயர்தான் இருக்கும்.

பெரிய நிறுவனமானால் வழி இருக்கிறது. பங்குச்சந்தையில் பட்டியலான நிறுவனங்கள், பொதுமக்களிடம் வைப்பு வாங்கும் நிறுவனங்கள், வங்கிகளிடம் 50 கோடிக்கு மேல் கடன் வாங்கிய நிறுவனங்கள் எல்லாம் புகார் சொல்ல ஓர் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். தேவைப்பட்டால் தணிக்கைக் குழுத் தலைவரை நேரடியாக அணுகலாம். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்திலேயே உண்டு. வெளித் தணிக்கையாளரிடமும் சொல்லலாம். ஒரு கோடிக்கு மேற்பட்ட மோசடி நடக்கிறது என்று அவர் நம்பக் காரணம் இருந்தால், மத்திய அரசுக்குத் தெரிவிப்பது அவர் கடமை.

சிறிய இடங்களில் இந்த ஏற்பாடு எதுவும் இருக்காது. அங்கே வேலையை விடுவதுதான் வழி என்ற நிலை வரலாம். வீட்டுக் கடன், தங்கை கல்யாணம் எல்லாம் இருக்கும்போது அது எளிதில்லை என்று எனக்குத் தெரியும். நானும் அதற்காகத்தான் கூட்டிப் போட்டேன். ஆகவே வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலிருந்தே ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியே ஒதுக்கத் தொடங்குங்கள். மறுக்கும் தைரியம் பாதிக்கு மேல் அந்தப் பணத்திலிருந்து வருகிறது. இதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை.

படி 6: முதலாளிகளுக்கு

உங்கள் கணக்காளர் கெட்ட செய்தியோடு வரும்போது உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் நிறுவனத்தின் நேர்மை இருக்கிறது. நஷ்டம் என்று சொன்னவரிடம் எரிந்து விழுந்தால், அடுத்த மாதம் அவர் நஷ்டத்தைக் கொண்டுவர மாட்டார். அது தொலைந்துவிட்டது என்று பொருளில்லை, ஏட்டுக்குள் எங்கேயோ ஒளிந்திருக்கிறது.

ராமலிங்க ராஜுவின் கடிதத்திலேயே இது இருக்கிறது. உண்மை லாபத்துக்கும் காட்டிய லாபத்துக்கும் முதலில் சிறிய இடைவெளிதான் இருந்தது, வருடா வருடம் அது வளர்ந்தது, புலி மேல் ஏறியவன் இறங்கத் தெரியாமல் தவிப்பது போல ஆகிவிட்டது என்று எழுதினார். இடைவெளியை நிரப்ப 2008 டிசம்பரில் தன் குடும்பத்தாரின் மேட்டாஸ் நிறுவனங்களைச் சத்யத்தின் பணத்தில் வாங்குவதாக அறிவித்தார். பங்குதாரர்கள் கொதித்ததும் சில மணி நேரத்திலேயே கைவிட்டார். 2015 ஏப்ரலில் அவருக்கும் மற்ற ஒன்பது பேருக்கும் விசாரணை நீதிமன்றம் ஏழு வருடச் சிறை விதித்தது.

சிறிய இடைவெளி இருக்கும்போதே வங்கியிடம் போய்ச் சொல்லுங்கள். ரப்பர் விலை விழுந்தது, கப்பல் தாமதம், தவணையை மாற்றித் தாருங்கள் என்று கேட்பதில் அவமானம் ஒன்றுமில்லை. வங்கிக்காரர்கள் கஷ்டத்தோடு வந்தவரோடு பேசுவார்கள். தோட்டு மூட்டையைக் கண்ட பிறகு பேச மாட்டார்கள்.

நடைமுறையில் சில: பணம் கொடுப்பவரும் கணக்கு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். கணக்காளர் வருடத்தில் பத்து நாளாவது கட்டாயம் விடுப்பில் போகட்டும், அந்த நாட்களில் வேறொருவர் அந்த மேசையில் உட்காரட்டும். பத்து வருடமாக ஒரு நாள் கூட லீவு எடுக்காத கணக்குப்பிள்ளையை எல்லோரும் புகழ்வார்கள். நான் கவலைப்படுவேன். சொந்தக்காரர் நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல் இருந்தால் மறைக்காமல் தனிப்பக்கத்தில் எழுதிவிடுங்கள், விலையும் வெளிச்சந்தை விலையாக இருக்கட்டும்.

படி 7: சேமிப்பைக் கொடுக்கும் முன்

வளைகுடாவிலிருந்து பிள்ளை அனுப்பிய பணத்தை, முகம் தெரிந்தவர் என்பதற்காக பைனான்சில் போட்டுவிட்டு, ஒருநாள் காலையில் பூட்டிய கதவின் முன்னால் நின்றவர்களை இந்த மாவட்டத்தில் எந்த ஊரிலும் காட்டலாம். சிட்டி, அதாவது சீட்டு என்றால், 1982-ஆம் வருடச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு இருக்கிறதா என்று பதிவுத் துறையில் கேளுங்கள். வைப்பு வாங்குபவரானால் ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்தில் அனுமதி உள்ளவரா என்று பாருங்கள். ஏமாந்துவிட்டால், தமிழ்நாட்டில் 1997-ஆம் வருட முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசாரிடம் சீக்கிரம் புகார் கொடுங்கள். ரசீதையும் பாஸ்புத்தகத்தையும் "புதுப்பிக்க" என்று கேட்டால் அசலைக் கொடுத்துவிடாதீர்கள்.

மார்ச் 31 ராத்திரி

கடைசியாக, இருப்பு எண்ணும் நாளைப் பற்றி. எண்ணுவதற்கு இரண்டு பேர் போகட்டும், அதில் ஒருவர் கணக்கு எழுதாதவராக, குடோன் சாவி வைத்திராதவராக இருக்கட்டும். எண்ணும் நேரத்தில் உள்ளே எந்த லாரியும் வரவும் வேண்டாம், போகவும் வேண்டாம். ஏட்டைப் பார்த்துவிட்டு எண்ணப் போகாமல், எண்ணி எழுதிய தாளில் இருவரும் கையெழுத்திட்ட பிறகு ஏட்டைத் திறவுங்கள். பத்து மூட்டையைத் தராசில் ஏற்றுங்கள். அப்புறம் சுமைக்காரர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, முன்வரிசையை இறக்கச் சொல்லி, பின்வரிசையில் நாலு மூட்டையை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள்.